தண்ணீர் கேட்காத வண்டிகள்

வாரம் முழுக்கத் தண்ணீர் விற்கிறவள்தான் அவள். ஆனாலும் திங்கட்கிழமைகளில் மட்டும் தலைவாரிக்கொள்ளக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அவளுடைய தங்கை அதைக் கவனித்து வெகுநாளாகிவிட்டது.

"டிஸ்டில்டு வாட்டருக்குப் பவுடர் போட்டுக்கிட்டுப் போனா அது இன்னும் சுத்தமாயிடுமா அக்கா?" என்பாள் தங்கை, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூட வேலைக்குக் கிளம்பியபடி.

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி" என்பாள் இவள். வாய் அப்படிச் சொல்லும்போதே கை இன்னொரு தரம் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கும்.

அக்காவும் தங்கையும் மாடியில் குடியிருந்தார்கள். கீழே தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரமும், அடுக்கடுக்காக வெள்ளைக் கேன்களும், டெலிவரிக்கு ஒரு பழைய வேனும். அக்காவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷன் வெளிநாடு போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஊர் வாய் அதைப் பேசி அலுத்துப்போய் நிறுத்திய பிறகும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. விவாகரத்துப் பத்திரமெல்லாம் முறையாக முடிந்த அன்று வீட்டுக்கு வந்து, வேனைக் கழுவினாள். அவ்வளவுதான். அப்பா விட்டுப்போன தண்ணீர் வியாபாரம் அவள் கையில் நன்றாகவே நடந்தது. ஆஸ்பத்திரிக்கும் பேட்டரிக் கடைகளுக்கும் அவள்தான் தண்ணீர் போட்டாள். ஊர் எல்லையில் இருந்த கோல்ஃப் மைதானத்துக்கும்.

மைதானத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆட்டக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். அன்றைக்குத்தான் கோல்ஃப் வண்டிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றும் நாள். நீளமான தகரக் கொட்டகையில் வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் இருக்கைக்கு அடியிலும் ஆறு பேட்டரிகள், எல்லாம் ஆசிட் ஊற்றிய பழைய மாதிரி. ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறிய பிறகு ஒவ்வொரு மூடியாகத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளேயிருக்கும் தகடுகள் முங்கும் அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும். குறைந்தால் தகடு காய்ந்து பேட்டரி செத்துப்போகும். கூடினால் ஆசிட் பொங்கி வழிந்து இரும்பைத் தின்னும்.

அந்த வேலையைப் பார்த்தவர் மெக்கானிக். மனைவியை இழந்து பல வருஷமானவர். மகன் எங்கோ தூரத்தில் வேலையும் குடும்பமுமாக இருந்தான். மனிதர் கொஞ்சம் குள்ளம், தோள் அகலம், வாய் ஓயாது. மனிதர்கள் கிடைக்காவிட்டால் வண்டிகளிடம் பேசுவார், அதுவும் அலுத்தால் ராகம் தப்பி ஏதாவது பாட்டை முனகுவார். மேட்டில் ஏறும்போதெல்லாம் நின்றுவிடும் ஒரு வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். "ஒவ்வொரு தடவையும் கெஞ்சணும் இவனை" என்பார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் ஆசிட் தெறித்துப் பொத்தல் விழுந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளி போட்ட சட்டை மாதிரியே தெரியும்.

கேன்களை இறக்கி வைத்துவிட்டுப் போவதுதான் அவள் வேலை. முதலில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். மெக்கானிக்கோடு வேலை செய்தவர் வேறு இடத்துக்குப் போனார், நிர்வாகம் புது ஆள் போடவில்லை. ஒரு திங்கட்கிழமை, மனிதர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கையால் மூடியும் மறு கையால் தண்ணீருமாக அல்லாடுவதைப் பார்த்து, "கொடுங்க, நான் பிடிக்கிறேன்" என்று டார்ச்சை வாங்கினாள். அப்புறம் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து திங்கட்கிழமை என்றால் அவளுக்கு அந்தக் கொட்டகைதான். காலையில் போனால் திரும்பச் சாயங்காலம் ஆகும். இருக்கைகளை நிமிர்த்தி வைத்துவிட்டு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். இரண்டு தலைகளும் ஒரே குழிக்குள் குனிந்திருக்கும். ஆசிட் வாடைக்கு நடுவே பேச்சு ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குத் தாவித் தாவிப் போகும். மகன் போனில் பேசும்போது சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான் என்பதை ஒரு வண்டியில் ஆரம்பித்து, அதற்கு மூன்று வண்டி தள்ளி முடிப்பார். வந்த வரன்களையெல்லாம் தங்கை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய கதையை அவள் சொல்வாள். அவளுடைய சொந்தக் கதையையும் ஒருநாள் சொன்னாள், டார்ச் வெளிச்சத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே. அவர் அன்றைக்கு அந்த மூடியை மட்டும் ரொம்ப மெதுவாகத் திருகி மூடினார். யாருடைய ஆறுதலும் அவளை அப்படித் தொட்டதில்லை.

அவர் அவளைத் தண்ணிக்காரங்க என்பார். அவள் அவரை மெக்கானிக் என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை நகர்ந்ததில்லை. நகரத்தான் வேண்டும் என்று அவள் அவசரப்படவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை என்று ஒன்று எப்போதும் இருந்தது.

*

அன்று அவள் வேனை நிறுத்தும்போதே அவர் வாசலுக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"கேனெல்லாம் அப்புறம் இறக்கலாம். முதல்ல இங்க வாங்க. ஒண்ணு காட்டணும்."

கொட்டகைக்குள் மாப்பிள்ளையின் இருக்கை நிமிர்ந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆறு பேட்டரிகளையும் காணோம். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த துருவைக் காணோம். சுரண்டிக் கழுவி, புதுசாய்ப் பெயின்ட் அடித்த தட்டில் ஒரே ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. மூடியும் இல்லை, திறப்பும் இல்லை.

"லித்தியம்!" என்றார், பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவர் மாதிரி. "எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தேன். போன மேனேஜர் காதுலயே போட்டுக்கல. புதுசா வந்தவரு ஒரே பேச்சுல சரின்னுட்டாரு. எல்லா வண்டிக்கும் மாத்தப் போறோம். கொஞ்சம் கொஞ்சமா வரும்."

"ஆறுக்கும் சேத்து ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். அதையும் நானே ஒரு ஆளாத் தூக்கி வச்சேன்னாப் பாத்துக்குங்க. அந்தப் பழசுங்களைத் தூக்கித் தூக்கித்தானே என் இடுப்பு போச்சு. பாரம் கொறஞ்சதுல வண்டி எவ்வளவு எழும்பி நிக்குது பாருங்க. சார்ஜரும் வேற, மீட்டரும் வேற. ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

இத்தனை காலத்தில் அவள் அந்தக் கொட்டகையைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி சத்தமில்லாமல் நழுவி வெளியே வந்தது. ஆளில்லாத பச்சை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். ராத்திரிப் பனி இன்னும் புல்லில் இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. வளைவுகளில் அவர் தோள் அவள் தோளில் இடித்தது, ஒவ்வொரு தரமும் அவர் "மன்னிச்சுக்குங்க" என்றார், ஒவ்வொரு தரமும் அவள் "பரவால்ல" என்றாள். பெரிய மேடு வந்தது. மாப்பிள்ளை கெஞ்சல் எதுவும் எதிர்பார்க்காமல் ஒரே மூச்சில் ஏறி உச்சியில் நின்றது.

அங்கிருந்து ஊர் தெரிந்தது. தூரத்தில் ரயில் பாலம், அதற்குப் பின்னால் மங்கலாக மலை. அவளுக்கு அங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. ஒன்றும் பேச வேண்டாம். இப்படியே வெயில் ஏறும் வரைக்கும், இந்த மனிதர் பக்கத்தில்.

"எப்படி?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

"இதுல இன்னொரு விஷயம் என்ன தெரியுமா? இனிமே தண்ணியே ஊத்த வேணாம்! மூடியத் தொறக்குறது, டார்ச் அடிக்கிறது, அந்த எழவே கெடையாது. மாட்டி விட்டா மறந்துடலாம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தேடினாள். இல்லை. பொய்யில்லாத சந்தோஷம். ஸ்டியரிங்கில் கிடந்த கைகள் ஆசிட் பட்டு வெளுத்து, விரல் நுனிகள் வெடித்திருந்தன. அந்தக் கைகள் இனி ஆறிவிடும். இடுப்பு வலி விடும். அவருக்காக அவள் மனசு உண்மையாகவே நிறைந்தது. அதே மனசின் அடியில் ஏதோ பிடி விட்டு வழுக்கிப் போனது.

"நல்லதுதானே" என்றாள். "உங்க சட்டையாவது பொழைக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தான் என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பது கீழே இறங்கி வந்த பிறகும் அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

*

"வியாபாரத்துல ஒரு இடம் போச்சு. அவ்வளவுதானே?" என்றாள் தங்கை, அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே. "ஆஸ்பத்திரில இன்னும் கூடக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. மைதானத்துக்குப் போற கேனை அங்க போட்டுட்டுப் போ."

"அதான். அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு மூஞ்சி இப்படித் தொங்குது?"

அவள் ஒரு துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். தங்கை கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். கேலி அவள் குரலிலிருந்து இறங்கியிருந்தது.

"அக்கா. நீ அவர்கிட்ட எதாவது சொல்லியிருக்கியா?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? தண்ணி வாங்கலன்னாலும் பரவால்ல, என்னைப் பாத்துக்கிட்டே இருங்கன்னா?"

"ஆமா. அதத்தான்."

"போடி."

*

லித்தியம் பெட்டிகள் ஒரேயடியாக வரவில்லை. தவணை தவணையாக வந்தன. அதுதான் அவளை வாட்டியது. திங்கட்கிழமை தேய்ந்துகொண்டே வந்தது. சாயங்காலம் வரை இருந்த வேலை மூன்று மணி டீயோடு முடிந்தது. அடுத்தடுத்த வாரங்களில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தது. ஒரு வரிசை முழுக்க இருக்கை மூடிக் கம்மென்று நின்றது. இன்னொரு வரிசையில் மிச்சமிருந்த வண்டிகளுக்கு மட்டும் அவள் டார்ச் பிடித்தாள். வெளிச்சத்தை வேண்டுமென்றே ஒரு நொடி கூடுதலாக வைத்திருப்பாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தலாமே" என்பாள். "போதுங்க, வழிஞ்சிடும்" என்பார் அவர், வேலை சுருங்கும் குஷியில் விறுவிறுவென்று மூடியைத் திருகிக்கொண்டு. அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அவருக்காக ஏங்குவது அவளுக்குப் புது அனுபவமாக இருந்தது. பேச்சு மூன்று வண்டி தாண்டிப் போக இப்போது வண்டிகளே இல்லை.

கடைசியாக மிஞ்சியது பந்து பொறுக்கும் வண்டி. அதற்கும் அந்த வாரக் கடைசியில் பெட்டி வந்துவிடும், வந்ததும் மாட்டிவிடுவதாக இருந்தார். அன்று காலையில் அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு கேன். கொட்டகைக்கு வெளியே பழைய பேட்டரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி மூடியைத் திருகிவிட்டு அவர் நிமிர்ந்தார். கையைத் தட்டிக்கொண்டார். "அவ்வளவுதான்! முடிஞ்சது கதை" என்றார்.

பிறகு கேனைப் பார்த்தார். பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அப்ப… அடுத்த திங்கக்கிழமை நீங்க…"

"ஆஸ்பத்திரிக்குப் போடணும்" என்றாள். "ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"ஓ. அது நல்லது. நல்ல இடம்."

"ஆமா."

டார்ச்சை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லாரிக்காரன் வெளியிலிருந்து குரல் கொடுத்தான், கணக்குப் பார்க்கக் கூப்பிட்டான். "வந்துடறேன், போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர் திரும்பி வரும் வரைக்கும் நின்றால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போட்டாள். கேனை இறக்கினாள், கையெழுத்து வாங்கினாள், வந்தாள். யாரும் அவளை எதையும் பிடிக்கச் சொல்லவில்லை. போகும் வழியைச் சுற்றி வளைத்து மைதானத்து வேலியோரமாக ஆக்கிக்கொண்டாள். ஒருநாள் டயரைப் பார்ப்பது போல வேனை ஓரங்கட்டினாள். தூரத்தில் பச்சையில் ஒரு வண்டி ஊர்ந்தது. குள்ளமாய், தோள் அகலமாய் ஒருவர் இறங்குவது போலிருந்தது.  அவர் திரும்பியபோது பார்த்தால் தோட்டக்காரர்.

போனில் அவருடைய எண் இருந்தது. 'கோல்ஃப் தண்ணி' என்ற பெயரில். எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். கூப்பிட்டால் என்ன சொல்வது? தண்ணீர் வேண்டுமா என்றுதான் அதுவரைக்கும் கேட்டுப் பழக்கம்.

சாப்பிடும்போது கை பாதியில் நிற்கும். ராகம் தப்பி யாராவது முனகினால் திரும்பிப் பார்ப்பாள். வெளிநாடு போனவனுக்காக அவள் இப்படி ஏங்கியதில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. அவன் போனபோது கோபம் இருந்தது, கோபத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இதில் கோபப்பட யாரும் இல்லை. யாரும் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு மனிதருடைய இடுப்பு வலி தீர்ந்தது, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலையை முடித்ததும் வண்டி தானாக மைதானத்து வாசலில் போய் நின்றது. காவலாளி எட்டிப் பார்த்தார்.

"தண்ணியக்கா! தண்ணி வேணாம்னு சொல்லிட்டாங்களே, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"மெக்கானிக்கப் பாக்கணும்" என்றாள். சொன்ன பிறகு காது சுட்டது.

காவலாளி அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "அவரு இங்க இல்லையேக்கா. இவங்களுக்கே வடக்குப் பக்கம் இன்னொரு மைதானம் இருக்குல்ல, அங்க அனுப்பிட்டாங்க. அங்கயும் பேட்டரி மாத்தணுமாம். இங்கதான் இனிமே பாக்கறதுக்கு வேலையே இல்லையே. சார்ஜ் வயரை மாட்டிவிட அந்தத் தோட்டக்காரரே போதும்னுட்டாங்க."

"எப்போ?"

"லாரி வந்துச்சே, அதுக்கு அடுத்த வாரமே. போறப்ப உங்களக் கேட்டாரு. தண்ணிக்காரங்க இந்தப் பக்கம் வந்தாங்களான்னு. ரெண்டு மூணு தடவ கேட்டாரு."

அவள் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். போனை எடுத்தாள். இந்தத் தடவை யோசிக்க நேரம் கொடுக்காமல் அழுத்தினாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டார். "தண்ணிக்காரங்களா!" என்றார். பின்னால் ஏதோ இரும்பு விழும் சத்தம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்க."

"நீங்கதான் முதல்ல போனீங்க. இருங்கன்னு சொல்லிட்டுத்தானே ஓடினேன்? வந்து பாத்தா வேனைக் காணோம்."

 அவரே மேற்கொண்டு பேசினார், வழக்கத்துக்கு மாறாகத் தட்டுத் தடுமாறி.

"கூப்பிடலாம்னு எத்தனையோ தடவ போனை எடுத்தேங்க. தண்ணி எவ்வளவு வேணும்னுதான் கேப்பீங்க. நானே வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் எதுக்குக் கூப்பிடறேன்னு என்னத்தச் சொல்றது? மேட்டு மேல நின்னுக்கிட்டுப் பெருமையா வேற சொன்னேன் பாருங்க. நெனச்சா வெக்கமா இருக்கு."

"நான் தண்ணி விக்கக் கூப்பிடல" என்றாள் அவள். "உங்களப் பாக்கணும் போல இருந்துச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் நின்றது. 

"வரேன்" என்றார் கடைசியில். "லீவு கெடைச்சதும் வரேன்."

*

லீவு எளிதில் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு வருவதாகச் சொன்னார், பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன, வர முடியவில்லை. அடுத்த ஞாயிறும் தப்பியது. அந்த இரண்டு ஞாயிறும் அவள் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனாள். தங்கை ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

பிறகு ஒருநாள் வந்தார். பொத்தல் இல்லாத புதுச் சட்டை. மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். எதிரில் அவளும் உட்கார்ந்தாள். பயணமெல்லாம் எப்படி என்றாள். பரவாயில்லை என்றார். வெயில் எப்படி என்றார். அப்படித்தான் என்றாள். பிறகு இருவரும் சுவரைப் பார்த்தார்கள். நடுவில் குனிந்து பார்க்க ஒரு பேட்டரி இல்லாமல், கைக்கு ஒரு மூடி இல்லாமல், எதிரெதிரே முகத்தை வைத்துக்கொண்டு பேசி அவர்களுக்குப் பழக்கமே இல்லை.

உள்ளேயிருந்து இதைக் கவனித்த தங்கை ஒரு முறம் நிறையப் பட்டாணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துக்கு இத உரிச்சுக் குடுங்க. எனக்குக் கை ஒழியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இருவரும் குனிந்தார்கள். பட்டாணி முறத்தில் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் பேச்சு வந்தது. புது மைதானத்தில் மேடுகள் அதிகம் என்றார். அறையில் தனியாக இருப்பது முன்பெல்லாம் உறைக்காது, இப்போது உறைக்கிறது என்றார். மகனிடம் போனில் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"என்னன்னு சொன்னீங்க?"

"ஒருத்தங்களப் புடிச்சிருக்குன்னு. அவன் முதல் தடவையா, சாப்பிட்டீங்களான்னு கேக்காம, யாருப்பா அவங்கன்னு கேட்டான்." ஒரு தோலை எடுத்து வெறுமனே இரண்டாகக் கிழித்தார். "அங்க வேலை முடிய இந்த வருஷம் போயிடும். அதுவரைக்கும் நான் அங்கதான் இருந்தாகணும். உங்களக் காத்திருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா நீங்க இருந்தீங்கன்னா…"

"இருப்பேன்" என்றாள். அதைச் சொல்லத் தலையை நிமிர்த்தினாள். அவரும் நிமிர்ந்திருந்தார்.

சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு வேனில் கொண்டுபோய் விட்டாள். ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டினார். பஸ் திரும்பி மறைந்த பிறகும் அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. போன் அடித்தது.

"என்னங்க, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இல்ல. ஊர் தாண்டினா டவர் கெடைக்காது. அதான்."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லங்க. சும்மாதான்."

அவளும் சும்மாதான் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் இரைச்சலும், நடுநடுவே அவர் மூச்சும் கேட்டன. ஜனங்கள் பெட்டியும் பையுமாக அவளை இடித்துக்கொண்டு போனார்கள். இரைச்சல் விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றுபோனது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.